கண்மாயில் முளைத்த காரப்பொடி

தனுஷ்கோடி என்று கடற்கரைப் பேரை வைத்துக்கொண்டு, முப்பது வயசு தாண்டுகிற வரைக்கும் கடலையே பார்க்காத ஆள் ஆவாரங்கரையில் ஒருத்தன் இருந்தான். அவன் அய்யா காளிராஜுக்கு முதலில் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. ராமேசுவரம் போய், தனுஷ்கோடியில் முங்கி எழுந்து வந்த பிறகு தங்கின பிள்ளை இவன். அதனால் அந்தப் பேர். இவனுக்குப் பின்னால் வெகுகாலம் கழித்து ஒரு தங்கச்சி பிறந்தாள், ராமலட்சுமி. அறுபத்து நாலில் புயலடித்து அந்த ஊரைக் கடல் கொண்டுபோனபோது, பக்கத்துத் தோட்டக்காரன் தங்கசாமி கடை வாசலில் நின்று கேட்டான்: "ஏலே, உன் ஊரையே கடல் முழுங்கிருச்சாம். நீ என்னடான்னா உக்காந்து வத்தல் நிறுத்துக்கிட்டிருக்கே?"

ஆவாரங்கரை திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வானம் பார்த்த பூமி. தனுஷ்கோடி வீட்டுக்கு ஒரு மளிகைக்கடை உண்டு. உப்பு, புளி, வத்தல், மண்ணெண்ணெய், ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு. ஆனால் ஊரில் அவர்களுக்கு இருந்த மரியாதை கடையால் வந்ததில்லை, கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றால் வந்தது.

அந்த ஊர்க் கண்மாய் மழைத்தண்ணிக் கண்மாய். ஆற்றிலிருந்து வாய்க்கால் கிடையாது. பெய்தால் நிறையும், சித்திரை வைகாசியில் வற்றி வெடித்துப் போகும். மறுபடி மழை பெய்தால் கெண்டையும் குறவையும் அயிரையும் எப்படியோ வந்துவிடும், சேற்றுக்குள் கிடந்தோ, ஓடையில் ஏறியோ. விரால் மட்டும் வராது. அதற்கு விதை போட வேண்டும். தண்ணி முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்கூடிக் கண்மாய் அழிப்பார்கள். கொம்பு ஊதினதும் ஆணும் பெண்ணும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மேலே வாய் திறந்த அந்தக் கூடையைச் சேற்றில் குத்திக் குத்தி மீனை அமுக்கிப் பிடிப்பார்கள். அப்படி அகப்பட்டதில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக ஒரு ஜோடி விராலை அடிபடாமல் எடுத்து, காளிராஜ் கிணற்றில் விடுவார்கள். எந்தக் கோடையிலும் அடியில் கொஞ்சமாவது தண்ணி கிடக்கிற கிணறு ஊரில் அது ஒன்றுதான். அதற்கு விதைமீன் என்று பேர். மழை பெய்து கண்மாய் பெருகினதும், அய்யனாருக்குப் பொங்கல் வைத்து, அந்த ஜோடியைக் கண்மாயில் கொண்டுபோய் விடுவார்கள். இத்தனை நாள் காத்துக் கொடுத்ததற்காக, அடுத்த அழிப்பில் முதல் ஊத்தா குத்துகிற உரிமை அந்த வீட்டுக்கு. காளிராஜ் செத்தபிறகு தனுஷ்கோடி குத்தினான். அன்றைக்கு ஒருநாள் அவனும் ஊர்ப் பெரியவர் கோட்டைச்சாமி பக்கத்தில் சமமாக நிற்பான். வருசம் முழுக்க நிறுத்துக் கொடுக்கிற கை, அன்றைக்கு மட்டும் ஊருக்கு முன்னால் ஓங்கும்.

ராமலட்சுமிக்கு எழுபத்து ரெண்டில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அருஞ்சுனை, சாயல்குடிக்குத் தெற்கே மணல்வாடி என்கிற கடற்கரை ஊர்க்காரன். கருவாட்டு வியாபாரி. அருப்புக்கோட்டை சந்தைக்குச் சரக்குக் கொண்டுவந்த இடத்தில் பழக்கமாகி, பேச்சு வளர்ந்து சம்பந்தம் ஆனது.

தங்கச்சியைக் கொண்டுபோய் விடப் போனபோதுதான் தனுஷ்கோடி முதல்முறையாகக் கடலைப் பார்த்தான். கடலைவிட அவனுக்கு அதிசயமாக இருந்தது, ஊருக்கு மேற்கே கிடந்த அகலத் தண்ணிதான். ஆறும் கடலும் சேருகிற அந்தத் தேங்கலை அவர்கள் கழி என்றார்கள்.

"இது எந்த ஆறு மாப்ளே?"

"உங்க ஆறுதான் மச்சான். குண்டாறு. திருச்சுழி வழியா வருதுல்ல, அதேதான்."

திருச்சுழியில் வருசத்தில் பாதி நாளைக்கு மேல் மணலாகக் கிடக்கிற ஆறு இங்கே இப்படித் ததும்பிக் கிடக்கிறதே என்று அவனுக்குச் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. குனிந்து ரெண்டு கையாலும் அள்ளி ஒரு மடக்குக் குடித்தான். குடித்த வேகத்தில் துப்பினான். உப்பு நாக்கை உரித்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்டுகளெல்லாம் சிரித்தார்கள். அருஞ்சுனையின் ஆத்தா மூக்கம்மாள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

"ஆத்தைக் கண்டதும் குடிச்சுப்புட்டாரே! அய்யா, கோடையில மணலு மேடுபோட்டு ஆத்து வாயை அடைச்சிரும். அப்ப இது கடலை விடக் கரிக்கும். எங்க மாடுகூட மோந்து பாக்காது."

அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தான். காது மட்டும் சுட்டது. ஊருக்குத் திரும்பி அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி கஸ்தூரியிடம்கூடச் சொல்லவில்லை.

எழுபத்து நாலில் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றின. கண்மாய் முந்தின சித்திரையிலேயே அழிந்து, விதைமீன் கிணற்றில் கிடந்தது. ராமலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்து பெண்பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்கு அஞ்சாம் மாதம், மாசியில், தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக அருஞ்சுனையும் மூக்கம்மாளும் வந்தார்கள். மூக்கம்மாள் வரும்போதே ஒரு ஓலைக்கொட்டான் நிறையக் கருவாடு கொண்டுவந்தாள். கருவாடு விற்கிற வீட்டுக்கே கருவாடு.

"உங்க பக்கம் மீனுக்கு எங்க போவீக, பிள்ளை பெத்தவளுக்குக் கவுச்சி வேணுமேன்னு கொண்டாந்தேன்" என்றாள்.

"மழை பெஞ்ச வருசத்துல வந்து பாருங்க அத்தை, எங்க கண்மாய் விராலை" என்றான் தனுஷ்கோடி.

"விராலா? கண்மாய் மீனு சேத்துல பிறந்து சேத்தைத் தின்னு வளர்றது. ஓடாத தண்ணி மீனை எங்க ஊருப் பூனைகூட மோந்துட்டுப் போயிரும்யா."

"ஆத்தா, சும்மா இரு" என்றான் அருஞ்சுனை. ஆனால் அவனும் சிரித்துவிட்டான்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? அதும் இப்ப எங்க இருக்கு? வர்ற வழியில பாத்தேனே, கண்மாய்க்குள்ள ஆடுல்ல மேயுது."

தனுஷ்கோடிக்கு வாயில் அந்த உப்பு மறுபடி ஏறின மாதிரி இருந்தது. "மத்தியானம் இலையில உக்காரும்போது சொல்லுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்கத் தெரியவில்லை.

கிணற்றடிக்குக் கஸ்தூரி பின்னாலேயே ஓடிவந்தாள். "என்ன செய்யப் போறீக?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணை எடுத்தா மத்தது எதுக்கு விதை ஆகும்? அது ஊருச் சொத்துங்க."

"மழை எங்க பெய்யப் போகுது கஸ்தூரி? பாரு வானத்தை. தண்ணி இன்னும் இறங்குனா தானாச் செத்து நாறப்போகுது."

அது பொய். தண்ணி முழங்காலுக்குக் கிடந்தது. விரால் மூக்கை நீட்டிக் காத்தைக் குடித்துப் பிழைக்கிற சாதி. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊத்தாவோடு இறங்கினான். முதலில் அமுங்கினது ஆண், வாலில் ஒரு ஓரம் கிழிந்தது. அழிப்பன்றைக்கு எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது. குழம்புக்கு ஒன்று போதாது, பெண் தனியாகக் கிடந்து என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள் ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டு, மற்றதையும் அமுக்கினான். கிணற்றுக்குள் தண்ணி தெளிவதற்கு வெகுநேரம் ஆனது. மேலேறி வந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கஸ்தூரி சாம்பல் போட்டுத் தேய்த்து, அறுத்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். பந்தியில் மூக்கம்மாள் குழம்பைப் பிசைந்து ரெண்டு வாய் சாப்பிட்டாள். துண்டை விண்டு மோந்தாள். பிறகு ஒவ்வொரு துண்டாக இலை ஓரத்துக்கு ஒதுக்கினாள். வெறுப்பாக ஒதுக்கவில்லை, கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினாள்.

"குழம்பு அருமையா இருக்கு கஸ்தூரி. குழம்பை மட்டும் இன்னும் ஊத்து தாயி. துண்டு வேணாம், மண்ணு வாடை எனக்குச் சேராது."

"பெரியம்மா, பிள்ளைக்கு மாந்தம் வரும்னு ராமலட்சுமியும் தொடலை" என்றாள் கஸ்தூரி. ராமலட்சுமி தலையைத் தூக்கவில்லை. சாம்பல்மேட்டில் கிழிந்த வாலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அண்ணனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விருந்தாளிகள் போனதும் அவன் எச்சில் இலையை எடுத்தான். ஊர் விதை துண்டு துண்டாக மூக்கம்மாள் இலை ஓரத்தில் இருந்தது. நாய்க்குப் போடவும் கை வரவில்லை. முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தான்.

அன்றையிலிருந்து கிணற்றைப் பனையோலை போட்டு மூடினான். "கொக்கு வருது" என்றான். வழியில் பார்க்கிறவர்கள், பிள்ளை சுகம் கேட்கிற மாதிரி, "விதைமீனு எப்படி இருக்கு தனுஷ்கோடி?" என்பார்கள்.

"கெடக்கு, கெடக்கு" என்பான். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வான். அவனிடம் யாரும் சந்தேகமாகக் கேட்கவில்லை. அதுதான் அவனைத் தின்றது. காளிராஜ் வீடு என்றால் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் ஒரே வாரத்தில் பெருகி மடை தொட்டது. ஊரே கரையில் நின்று பார்த்துச் சிரிக்க, அவன் மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். கோட்டைச்சாமி வீட்டு வாசலுக்கே வந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழமை சாயந்தரம் பொங்கல் வச்சுருவோம்யா. விதைமீனைத் தயாராப் பிடிச்சு வையி."

"சரிங்க பெரியய்யா."

அவர் போனதும் கஸ்தூரி சொன்னாள்: "இப்பவே பின்னாடி ஓடிப்போயிச் சொல்லிருங்க. காலுல விழுந்தா என்ன? ஒருநாள் பேசுவாக, விட்டுருவாக."

"ஒருநாளா? நம்ம பிள்ளை, பேரன் வரைக்கும் பேசுவாக."

வேறு ஊரில் ஒரு ஜோடி விரால் வாங்கலாம் என்றால், முந்தின பஞ்சத்தில் எல்லாக் கண்மாயும் காய்ந்துதான் கிடந்தது. எங்காவது கிணற்றில் யாரோ காத்து வைத்திருப்பார்கள்தான். ஆனால் நரிக்குடி வரைக்கும் கொண்டவன் கொடுத்தவன் சொந்தம். காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் பேச்சு ஆவாரங்கரைக்கு வந்துவிடும். அப்போதுதான் அவனுக்குக் கழி ஞாபகம் வந்தது. அங்கே குஞ்சு கூட்டம் கூட்டமாகத் திரிந்ததைப் பார்த்திருந்தான். இதே குண்டாறு. இங்கே பெய்த மழைதானே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? ஆறு ஒன்று, மழை ஒன்று. அப்புறம் மீனுக்கு என்ன வித்தியாசம்? அப்படி நினைத்துக்கொண்டு ஒரு மண்ணெண்ணெய்த் தகர டின்னைச் சாம்பல் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விடியுமுன்னே பஸ் ஏறினான்.

மணல்வாடியில் தங்கச்சி வீட்டுக்கு அவன் போகவில்லை. நேராகக் கழிக்குப் போனான். ஆற்றில் வெள்ளம் வந்து மணல்மேட்டை உடைத்துக் கடலோடு கலந்திருந்தது. தண்ணி செம்மண் நிறத்தில் கிடந்தது. பயந்துகொண்டே கையால் அள்ளி நாக்கில் வைத்தான். உப்பே இல்லை. நம்ம தண்ணிதான் என்று அவனுக்கு மூச்சு வந்தது. வேட்டியை அவிழ்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள் இறங்கி, வேட்டியால் அரித்தான். ஒற்றை ஆளுக்கு வேட்டி நிற்கவில்லை.

"அண்ணே!"

ராமலட்சுமி குடத்தோடு கரையில் நின்றாள். கழிக்கு மேலே மணலில் பெண்டுகள் ஊற்றுத் தோண்டித் தண்ணி எடுக்கிற இடம் அங்கேதான்.

"வீட்டுக்கு வராம இங்க என்ன செய்றே?"

அவன் சொன்னான். கரையைப் பார்க்காமல், தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"மேலாக அள்ளிப் பாத்துட்டு நல்ல தண்ணின்னு நினைக்காதே. நானும் வந்த புதுசுல அப்படித்தான் ஏமாந்தேன். இந்தா, இந்த ஊத்துலகூட மேலாகச் சிரட்டையால அள்ளுனாத்தான் நல்ல தண்ணி, ஒரு முழம் ஆழமாத் தோண்டுனா உப்பு. இந்தக் கழியும் அப்படித்தான். மேல ஓடுறது ஆறு, கீழ வர்றது கடலு. காலையில ஒரு தண்ணி, சாயந்தரம் ஒரு தண்ணி. எந்தக் குஞ்சு எந்தத் தண்ணிக்கு உள்ளதுன்னு உன் மாப்ளைக்குத் தெரியும். வீட்டுலதான் இருக்காக. ஒரு வார்த்தை கேளு."

"என்னன்னு கேக்கச் சொல்றே? உங்க ஆத்தா ஒதுக்கி வச்ச மீனுக்குப் பதில் மீனு குடுங்கன்னா?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வேட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். குனிந்து அரிக்கும்போது அவனுக்குக் காலுக்குக் கீழே தண்ணி கனமாக, வேறு சூட்டில் இருந்தது தெரிந்தது. கவனிக்காத மாதிரி இருந்தான். பெருவிரல் நீளத்தில் வெள்ளை வெள்ளையாக, தட்டையாகக் கொஞ்சம், உருண்டையாகக் கொஞ்சம், குஞ்சு அகப்பட்டது. டின் நிறைய அந்தக் கழித்தண்ணியையே முகந்துகொண்டான்.

"பிள்ளையைக்கூடப் பாக்காமயா போறே?" என்றாள்.

"இன்னொரு நா வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். அண்ணன் வந்து வாசல் மிதிக்காமல் போனான் என்று அந்த ஊரில் அவளை எத்தனை பேர் கேட்டார்களோ.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டான்: "என்னய்யா டின்னுல, சரக்கா?"

"மீனு."

"கடக்கரையில இருந்து உசிரோட மீனா? பொறந்த வீட்டுச் சீரா?" பஸ்ஸே சிரித்தது. அவன் கமுதி வரைக்கும், அதற்கு மேலும், கையை டின்னுக்குள் விட்டுத் தண்ணியைக் கலக்கிக்கொண்டே வந்தான். செத்ததை ஜன்னல் வழியாக வீசினான். நிறையச் செத்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் பொங்கல் பொங்கி, குலவை போட்டார்கள். தனுஷ்கோடி டின்னோடு வந்தான். ஊர் எட்டிப் பார்த்தது.

"ஜோடி எங்கய்யா?" என்றார் கோட்டைச்சாமி.

"கிணத்துலயே குஞ்சு பொரிச்சிருச்சுங்க பெரியய்யா. பொரிச்சுட்டு ரெண்டும் செத்துப்போச்சு. குஞ்சைத்தான் கொண்டாந்திருக்கேன்."

தங்கசாமி டின்னுக்குள் தலையை விட்டான். "என்னலே இது? விரால் குஞ்சுன்னா தீக்கங்கு மாதிரி செவப்பால்ல இருக்கும்? இது வெள்ளிக் கொலுசாட்டம் மினுக்குது."

"கிணத்து இருட்டுல வெளுத்துருச்சு."

"உன்னை மாதிரி. கடைக்குள்ளேயே கிடந்து" என்றான் தங்கசாமி. எல்லாரும் சிரித்தார்கள். கோட்டைச்சாமிக்குக் கண் அவ்வளவு தெரியாது. "காளிராஜ் மகன் கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும். விடுய்யா" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான் என்று பின்னால் கஸ்தூரியிடம் சொன்னான். சொல்லியிருப்பானோ மாட்டானோ. டின்னைக் கவிழ்த்தான். குஞ்சுகள் மழைத்தண்ணிக்குள் ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மறைந்தன.

விடிந்ததும் காக்கா சத்தம் கேட்டு ஊர் கரைக்கு ஓடியது. அலை ஒதுக்கின இடத்தில் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. முதலில் இறங்கினவள் தங்கசாமி பெண்டாட்டி ஒச்சம்மாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தட்டை உடம்பு, கூம்பின வாய். அவள் முகம் கோணியது.

"ஏங்க, இங்க வாங்க. இது நம்ம கடையில வாங்குற காரப்பொடில்ல?"

"என்னது?"

"காரப்பொடிங்க. கருவாடு! முந்தாநாத்தானே இவுக கடையில வாங்கி வறுத்தேன். கருவாடு எப்படிங்க நம்ம கண்மாய்ல முளைச்சுது?"

ஆவாரங்கரையில் அந்த மீனை உயிரோடு பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் காய்ந்த காரப்பொடியைத் தெரியாத வீடும் கிடையாது. தனுஷ்கோடி அதை வருசக்கணக்காக ஓலைப்பெட்டியில் வைத்துக் கைநிறைய அள்ளி நிறுத்தவன். ஈரத்தோடு, உயிரோடு, கைக்குள் துள்ளினபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது ஒச்சம்மாள் கையில் செத்துக் கிடந்தபோதுதான் அவனுக்கும் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கோட்டைச்சாமி அந்த மீனை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"தனுஷ்கோடி, விதைமீனு எங்கய்யா?"

"தின்னுட்டோம்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை போல இருந்தது. மறுபடியும் சொன்னான்: "மாசியில தங்கச்சி வீட்டு ஆளுக வந்தப்ப அறுத்துப்புட்டேன் பெரியய்யா."

அவர் கோபப்படுவார், அபராதம் போடுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் காரப்பொடியை அவன் கையில் கொடுத்தார். "உன் சரக்கு" என்றார். தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஊரும் நடந்தது. பொங்கல் வைத்த சட்டி அப்படியே இருந்தது. அவனும் கஸ்தூரியும்தான் இறங்கி, செத்த மீனை ஒன்றுவிடாமல் பொறுக்கினார்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணியாச்சே என்று.

அந்த வருசம் அவன் காரப்பொடி விற்பதை நிறுத்தினான். அப்படியும் விடவில்லை. "அண்ணாச்சி, காரப்பொடி ஈரமா இருக்கா, காஞ்சது இருக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டுவிட்டு, இல்லை என்றால், "அப்ப கண்மாய்ல போயி அரிச்சுக்கிறோம்" என்பார்கள். வீட்டுக்குப் பேரே காரப்பொடி வீடு என்று ஆகிவிட்டது.

சித்திரையில் கண்மாய் அழிப்பு வந்தது. கொம்பு ஊதுமுன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், வழக்கம் என்பதற்காக. அவன் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். முதல் ஊத்தாவைக் கோட்டைச்சாமியே குத்தினாராம். கெண்டையும் குறவையும் நிறையக் கிடைத்தது. ஒரு விரால்கூட இல்லை. அழிப்பென்றால் சொந்தபந்தம் வரும். ராமலட்சுமியோடு அருஞ்சுனையும் மூக்கம்மாளும் வந்து வீட்டில் இருந்தார்கள். வெளியில் திடீரென்று கூச்சல். கண்மாய்க்குள் வெள்ளையாக ஒரு மீன், ஒரு சாணுக்கு மேல், ஊத்தாவுக்கு அகப்படாமல் ஆள் தலைக்கு மேலே துள்ளித் துள்ளிப் போகிறதாம். அப்படித் துள்ளுகிற மீனை ஆவாரங்கரை பார்த்ததில்லை. கடைசியில் தங்கசாமியின் துண்டில் விழுந்தது. அதை நேராக இங்கேதான் கொண்டுவந்தான்.

"ஏலே, வெளிய வா. உன் விதையில ஒண்ணு பொழைச்சிருக்கு."

அருஞ்சுனை வாங்கிப் பார்த்தான். "இது மடவைல்ல. எங்க கழி மீனு. எல்லாத் தண்ணியிலயும் பொழைக்கிறது இது ஒண்ணுதான். இங்க எப்படி வந்துச்சு?"

 ராமலட்சுமிதான் சொன்னாள், முதலிலிருந்து, இலை ஓரம் வரைக்கும். தனுஷ்கோடி சுவரைப் பார்த்து நின்றான். அருஞ்சுனை, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்" என்று மட்டும் சொன்னான். 

"விதைன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாய்யா" என்றாள் மூக்கம்மாள். "முள்ளைக்கூட மென்னிருப்பேனே."

அன்றைக்குக் கஸ்தூரி அந்த மடவையைத்தான் குழம்பு வைத்தாள். மூக்கம்மாள் ஒரு துண்டு விண்டு வாயில் போட்டாள். கழி மீன்தான், அவள் பிறந்ததிலிருந்து தின்கிற மீன்தான். ஆனால் அதில் இப்போது ஆவாரங்கரைச் சேற்று வாடை ஏறியிருந்தது. அவள் ஒதுக்கவில்லை. முழுசையும் தின்றாள். தனுஷ்கோடி அவள் இலையைப் பார்க்க முடியாமல் எழுந்து போனான்.

மறுநாள் விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிட்டு, அவன் வீட்டுக்குத் திரும்பாமல் நரிக்குடிப் பக்கம் நடந்தான். அங்கே ஒரு பெரிய கண்மாய் அன்றைக்குத்தான் அழிந்துகொண்டிருந்தது. கரையில் நின்று, ஒரு ஜோடி விரால் வேண்டும் என்று கேட்டான்.

"எந்த ஊரு?"

"ஆவாரங்கரை."

"உங்க ஊருலதான் விதை காப்பீகளே. அது என்னாச்சு?"

செத்துப்போச்சு என்று ஒரு சொல் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கினான்.

"ஊரு நம்பிக் குடுத்ததை நான்தான் தின்னுட்டேன். விருந்தாளுக முன்னாடி வீம்புக்காக. அதுக்குப் பதிலா கடல் மீனைக் கொண்டாந்து விட்டேன். செத்து மிதந்துச்சு."

 சேற்றில் நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காரப்பொடி ஆளு இவருதானாடா!" என்று ஒருத்தன் கத்தினான். பேச்சு அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவன் நின்றான். சிரித்து முடிக்கிற வரைக்கும் நின்றான். ஒரு கிழவர்தான் ஈரச்சாக்கில் ஜோடியாகப் போட்டுக் கொடுத்தார். "தின்னுராதய்யா" என்றார்.

ஊருக்கு வந்து தன் கிணற்றைத் தாண்டித் தங்கசாமி தோட்டத்துக்குப் போனான். முந்தின கோடையில்தான் தங்கசாமி தன் கிணற்றை வெட்டி ஆழப்படுத்தியிருந்தான். சாக்கை நீட்டினான்.

"உன் கிணத்துல விடலாம்லலே?" என்றான் தங்கசாமி.

"வேணாம். உன் கிணத்துலயே கிடக்கட்டும்."

தங்கசாமி சாக்கைப் பிரித்துப் பார்த்தான். அவனைப் பார்த்தான். "சரி. எங்க வீட்டுக்குக் கடக்கரைச் சம்பந்தி யாரும் வரமாட்டாக. பயப்படாதே" என்றான்.

தனுஷ்கோடி சிரித்தான். அதற்குள் கண் கலங்கிவிட்டதால் குனிந்து, ஒரு பனையோலையை எடுத்துக் கிணற்றின் வாயை மூடிவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் முதல் ஊத்தா தங்கசாமி வீட்டுக்குப் போயிற்று. இன்றைக்கும் அவர்கள்தான் குத்துகிறார்கள். தனுஷ்கோடி எல்லாரும் இறங்கினபிறகு கடைசியாக, மடைக்குப் பக்கத்து மேட்டுச் சேற்றில் இறங்குவான். அங்கே குறவைதான் கிடக்கும். தப்பித்தவறி அவன் ஊத்தாவுக்குள் விரால் அமுங்கினால், கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஊத்தாவைத் தூக்கி அதைப் போகவிட்டுவிடுவான்.